இரண்டாவது பிரேக்

என் வீட்டுக்காரருக்கு முழங்காலுக்குக் கீழே நீலம் பாரித்திருந்தது. காரணம் நான்தான், தூக்கத்தில் உதைத்திருக்கிறேன். அவர் அதை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். "இத்தனை நாள் வாயால உதைச்சா, இப்ப காலாலயே ஆரம்பிச்சுட்டா" என்று தன் தங்கையிடம் போனை ஸ்பீக்கரில் போட்டுச் சொன்னார். என் நாத்தனார் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அந்த உதை எதற்கென்று எனக்குத் தெரியும். நான் பிரேக் போட்டேன்.

நான் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். ஓட்டுகிறவருக்குப் பக்கத்து சீட்டில் உட்காருவேன். அங்கே என் வலது காலுக்குக் கீழே இன்னொரு பிரேக் பெடல் இருக்கும். அதை அமுக்கினால் ஒரு கேபிள் ஓட்டுகிறவரின் பெடலையும் சேர்த்து இழுக்கும், வண்டி நிற்கும். ஸ்டியரிங் அவர்கள் கையில், ஆக்ஸிலேட்டர் அவர்கள் காலில், எல்லார் உயிரும் என் காலில். சேர்ந்த புதிதில் முதலாளி என்னை ரிசப்ஷனில் உட்காரவைத்து, "பொம்பளைக்கு எதுக்கும்மா ரோட்டு வேலை?" என்றார். வருஷக்கணக்கில் மல்லுக்கட்டித்தான் அந்த சீட்டுக்கு வந்தேன். அதற்கப்புறம் "டீச்சர் வண்டின்னா வர்றேன்" என்று பெண்கள் கேட்டு வந்தார்கள். இந்த உலகத்தில் எனக்கென்று இருந்த இடம் அது ஒன்றுதான். வீட்டு சோபாவில்கூட எனக்கு ஒரு மூலை கிடையாது.

அந்த சீட்டுக்குக் கீழேதான் வினை வந்தது. பெடல் இறங்க ஆரம்பித்தது. காலையில் நன்றாக இருக்கும். முதல் ஆளை ஏற்றுமுன் அமுக்கிப் பார்ப்பேன், கல் மாதிரி நிற்கும். வெயில் ஏறி, ஒருவர் பின் ஒருவராக ஓட்டி, நானும் அமுக்கி அமுக்கிச் சாயங்காலமானால் கேபிள் தளர்ந்து கால் சும்மா உள்ளே போகும். பாதி தூரத்துக்கு ஒன்றுமே இருக்காது, அப்புறம்தான் பிடிக்கும். ஒருநாள் பிடிக்கவே இல்லை. நல்லவேளை, ஓட்டிக்கொண்டிருந்த பேங்க்காரர் தானாகவே பிரேக் போட்டுவிட்டார். போட்டுவிட்டு, "கரெக்டா நிறுத்தினேனா டீச்சர்?" என்று பல்லைக் காட்டினார். "ரொம்ப கரெக்ட் சார்" என்றேன்.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவருடைய மச்சான்தான் எங்கள் மெக்கானிக், ஆகவே வண்டியில் குறை சொன்னால் அது குடும்பத்தையே குறை சொன்ன கணக்கு. மச்சான் மறுநாள் காலையில் வந்தார். அமுக்கினார். கல் மாதிரி நின்றது.

"என்னம்மா, நல்லாத்தானே இருக்கு?"

"சாயங்காலம் வந்து பாருங்க."

"சாயங்காலம் எனக்குக் கடையில வேலை இருக்காதா?"

திரும்பத் திரும்பச் சொன்னேன். அவரும் திரும்பத் திரும்பக் காலையிலேயே வந்தார். கடைசியில் முதலாளி என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவர் உட்காரச் சொன்னால் நல்லதற்கில்லை.

"இங்க பாரும்மா, கண்ணெல்லாம் உள்ள போயிருக்கு. ராத்திரி ஒழுங்காத் தூங்குறியா?"

இல்லை என்று உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

தூக்கம் எங்கே வந்தது? கண் அசந்ததும் கால் உள்ளே போகும், பெடல் இருக்காது. உதைத்துக்கொண்டு முழிப்பேன். முழித்த பிறகுதான் நிஜமான கூத்து. நெஞ்சு அடிக்கிற அடியில் கட்டில் ஆடுகிறதோ என்றிருக்கும். மூச்சு பாதியில் நின்றுவிடும். விரலெல்லாம் மரத்துப்போகும். செத்துக்கொண்டிருக்கிறேன் என்று அந்த நேரத்தில் எனக்குச் சந்தேகமே இருக்காது. பாத்ரூமுக்குப் போய்த் தரையில் உட்கார்ந்து வாளியைக் கட்டிப்பிடித்துக்கொள்வேன். கொஞ்ச நேரத்தில் எல்லாம் அடங்கி வியர்வை மட்டும் மிஞ்சும். மறுபடி படுக்கப் பயமாக இருக்கும். வீட்டுக்காரர் முதலில் "மறுபடியுமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் தலையணையை எடுத்துக்கொண்டு ஹாலுக்குக் குடிபோனார்.

புத்திமதிக்குப் பஞ்சமே இல்லை. "போனைத் தூரமா வச்சிட்டுப் படுங்க அண்ணி" என்றாள் நாத்தனார். "எதையும் மனசுல போட்டுக் குழப்பிக்காத" என்றார் வீட்டுக்காரர். ரிசப்ஷனில் இருந்த பெண், "கண்ணை மூடிக் கடலை நினைச்சுக்கோங்க அக்கா" என்றாள். அவள் என்னிடம் ஓட்டக் கற்றவள். கிளட்சிலிருந்து காலை முழுசாக எடுக்கவே மாட்டாள் என்பதால் நான் வைத்த பெயர் அரைக்கிளட்ச். எப்படியோ அவளும் தேறி, கற்றுக்கொடுக்கும் லைசென்ஸ் வாங்கிக் காத்திருந்தாள். எல்லாரும் எதையாவது சொன்னார்கள். அந்தக் கேபிளை மாற்றித் தொலையுங்களேன் என்று ஒருத்தரும் சொல்லவில்லை.

முதலாளியே ஒரு மனநல டாக்டரின் நம்பரைக் கொடுத்தார். வீட்டுக்காரர் துணைக்கு வந்தார். டாக்டர் நல்ல மனுஷி, அவரைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். பொறுமையாகக் கேட்டார்.

"வேலையில ஏதாவது கஷ்டம் இருக்காம்மா?"

"பிரேக்தான் டாக்டர். சாயங்காலமானா..."

"அதெல்லாம் மெக்கானிக் பாத்தாச்சு டாக்டர்" என்று வீட்டுக்காரர் உள்ளே புகுந்தார். "வண்டி நல்லாத்தான் இருக்காம். இவளுக்குத்தான் அப்படித் தோணுது."

டாக்டர் என்னைப் பார்த்தார், நான் பதில் சொல்வேன் என்று காத்திருந்தார். தெருவே கூடி நின்றாலும் அஞ்சாத என் வாய் அன்றைக்குப் பார்த்து ஒட்டிக்கொண்டது. தூங்காத உடம்பில் சண்டை போடத் தெம்பு ஏது? இத்தனை பேர் சொல்கிறார்களே, எனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டதோ என்று எனக்கே தோன்ற ஆரம்பித்திருந்தது.

மாத்திரை எழுதிக்கொடுத்தார். ஒரு பயிற்சியும் சொல்லிக்கொடுத்தார். "பயம் வரும்போது அதோட சண்டை போடாதீங்க. பாதத்தை நல்லாத் தரையில ஊன்றுங்க. மூச்சை மெதுவா விடுங்க. 'இப்ப ஒண்ணும் நடக்கல, இது வெறும் பயம், வந்த மாதிரியே போயிடும்'னு உங்களுக்கு நீங்களே சொல்லுங்க."

யோசிக்காமல் வரும்வரை ஒன்றைத் திரும்பத் திரும்பச் செய்யவைப்பதுதானே என் பிழைப்பு? என்னையே ஒரு புது ஆளாக நினைத்துப் பழக்கினேன். கட்டிலில், பாத்ரூமில், பஸ் ஸ்டாப்பில், சமையலறையில், பாதத்தை ஊன்றுவேன், மூச்சை விடுவேன், ஒண்ணும் நடக்கல என்பேன். பொய் சொல்லக் கூடாது, பலித்தது. ராத்திரிக் கூத்து சீக்கிரம் அடங்கியது. வீட்டுக்காரர் தலையணையோடு திரும்பி வந்தார், உதை மட்டும் அவ்வப்போது வாங்கினார். வண்டியில் பெடல் இறங்கும்போதும் அதையே சொல்லிக்கொண்டேன். குறை சொல்வதை விட்டேன். முதலாளி என்னைப் பார்த்துச் சிரிக்கக்கூட ஆரம்பித்தார்.

சாயங்கால வகுப்புக்கு ஒரு தையல்காரம்மா வந்துகொண்டிருந்தார். பள்ளிக்கூடச் சீருடை தைத்துக் கொடுப்பவர், சொந்தக் கடை. தைத்ததைத் தானே கொண்டுபோய்க் கொடுக்க ஒரு பழைய வேன் பார்த்து வைத்திருந்தார். வாய் ஓயாது. ஏறியதுமே, "டீச்சர், உங்க தோள் ஒரு பக்கம் இறங்கியிருக்கு, யாரும் சொல்லலையா?" என்பார். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.

அன்றைக்குச் சரிவான தெருவில் இறங்கிக்கொண்டிருந்தோம். கீழே ஒரு கிடங்கிலிருந்து லாரி பின்பக்கமாக ரோட்டுக்கு வந்தது. அவர் பதறினார். பிரேக்குக்குப் பதில் ஆக்ஸிலேட்டரை மிதித்தார். இது தினமும் நடப்பதுதான், இதற்குத்தான் நான் இருக்கிறேன். நான் அமுக்கினேன். கால் உள்ளே போனது. போய்க்கொண்டே இருந்தது.

பழைய நானாக இருந்தால் அந்த நொடியே ஹேண்ட் பிரேக்கை இழுத்திருப்பேன். கை அதன்மேல்தான் இருந்தது. ஆனால் நெஞ்சு அடித்துக்கொண்டது, விரல் மரத்தது, ராத்திரி வருவது அப்படியே பட்டப்பகலில் வந்தது. நன்றாகப் பழக்கியிருந்தேன் அல்லவா? என் பாதம் தானாகப் பெடலை விட்டு விலகித் தரையில் ஊன்றியது. இப்ப ஒண்ணும் நடக்கல, இது வெறும் பயம். மூச்சை மெதுவாக விட்டேன். அந்த ஒரு மூச்சு முடிந்து நான் ஹேண்ட் பிரேக்கை இழுத்தபோது கார் லாரியின் பின்புறத்தில் செருகியிருந்தது.

எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. தையல்காரம்மாவின் வலது மணிக்கட்டு ஸ்டியரிங்கில் மாட்டி உடைந்திருந்தது. அழவில்லை, அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், இது நான் கத்திரி பிடிக்கிற கை" என்றார்.

விசாரிக்க ஆர்.டி.ஓ. ஆபீஸ் இன்ஸ்பெக்டர் மறுநாள் வந்தார். காலையில் வந்தார். மச்சான் பெடலை அமுக்கிக் காட்டினார், அது சமர்த்தாகக் கல் மாதிரி நின்றது. "சாயங்காலம் வரைக்கும் அமுக்கிட்டு அப்புறம் பாருங்க சார்!" என்று கத்தினேன். "டென்ஷன் ஆகாதீங்கம்மா" என்றார் இன்ஸ்பெக்டர்.

முதலாளி குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நல்ல பொம்பளைதான் சார். என்னமோ ராத்திரியில பயந்து பயந்து எழுந்திரிக்குதாம். மாத்திரை சாப்பிடுது. பாவமேன்னு நான்தான் வேலையில வச்சிருந்தேன்."

இன்ஸ்பெக்டர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். என் தலையெழுத்து, அவரும் வந்திருந்தார். "ஆமா சார், தூக்கத்துலகூட உதைப்பா" என்றவர், பேன்ட்டைத் தூக்கிப் புதிதாக வாங்கிய நீலத்தையும் காட்டினார்.

வீட்டுக்கு வரும் வழியில், "உன்னைக் காப்பாத்தத்தான் சொன்னேன். உடம்பு சரியில்லைன்னா கேஸ் இல்லாம விட்டுருவாங்க" என்றார். விட்டுவிட்டார்கள்தான். கற்றுக்கொடுக்கும் லைசென்ஸை மட்டும் பிடுங்கிக்கொண்டார்கள். முதலாளி என் சீட்டின் மேல் போட்டிருந்த துண்டை மடித்து ஒரு பையில் போட்டுக் கொடுத்தனுப்பினார். அந்த ஆளின் வாய் புழுத்துப்போக என்று சபித்தேன். சபித்து என்ன, அவர் நன்றாகத்தான் இருக்கிறார்.

தையல்காரம்மாவைப் பார்க்கப் போனேன். கையில் கட்டுப் போட்டு உட்கார்ந்திருந்தார், கடையில் மிஷின்கள் துணி மூடிக் கிடந்தன. அவர் திட்டியிருந்தால் தேவலை. "உங்களுக்கு உடம்பு முடியலன்னு முதல்லயே சொல்லியிருக்கலாமே டீச்சர். நான் வேற வண்டியில கத்துக்கிட்டிருப்பேனே" என்றார். பிரேக் கதையை அவரிடம் சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் அதையும் நோய் என்றுதான் நினைப்பார் என்று தோன்றியது. வாங்கிப்போன பழத்தை வைத்துவிட்டு வந்தேன்.

அன்றிலிருந்து எனக்கு ராத்திரியில் ஒன்றும் வருவதில்லை. அடித்துப்போட்ட மாதிரி தூங்குகிறேன். கால் அசைவதில்லை. வீட்டுக்காரரின் நீலம் மஞ்சளாகி மறைந்தே போய்விட்டது.

"பாத்தியா? மாத்திரை எப்படி வேலை செய்யுது!" என்றார் நேற்றுச் சாயங்காலம், சோபாவின் நடுவில் சாய்ந்துகொண்டு. அவருக்கு அவ்வளவு சந்தோஷம். பதில் சொன்னால் வீடு ரெண்டுபடும் என்று துணி மடித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் போன் வந்தது. அரைக்கிளட்ச். அதே வண்டியின் முன்பக்கத்தைத் தட்டி நிமிர்த்தி ஓட்டுகிறார்கள், இப்போது என் சீட்டில் அவள்தான் உட்காருகிறாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். கொஞ்ச நாளா தூக்கத்துல கால் உதறுது. நெஞ்சு அடிச்சுக்குது, செத்துருவேன்போல இருக்கு. முதலாளிகிட்ட சொன்னேன், நீங்க பாத்த டாக்டரையே பாக்கச் சொன்னாரு. போய்ப் பாத்தேன், பாதத்தை ஊன்றி மூச்சு விடச் சொன்னாங்க. உங்களுக்குப் பலிச்சுதா?"



"அது கிடக்கட்டும். பெடல் எப்படி இருக்கு?"

"பெடலா? நல்லாத்தான் இருக்குக்கா. மெக்கானிக் அண்ணன் காலையிலகூடப் பாத்தாரு. எனக்குத்தான் சாயங்காலமானா ஒரு மாதிரி தோணுது. எல்லாம் மனப்பிரமை."

"இப்ப எங்கடி இருக்க?"

"கிளாஸ்லதான் அக்கா. புதுசா ஒரு அம்மா ஓட்டுறாங்க. அந்தச் சரிவுத் தெருவுல இறங்கிட்டிருக்கோம்."

"ஹேண்ட் பிரேக்கை இழு!" என்று கத்தினேன். மடித்த துணியெல்லாம் சரிந்து விழுந்தது. "வண்டியை நிறுத்தி இறங்குடி!"

"யாரு போன்ல? டென்ஷன் ஆகாத" என்றார் வீட்டுக்காரர்.

அந்தப் பக்கம் அவள் மெதுவாக ஒரு மூச்சு விடுவது கேட்டது.

"பயப்படாதீங்க அக்கா" என்றாள். "இப்ப ஒண்ணும் நடக்கலையே."