மாடிப்படிக் கதவும் நாற்பத்தோரு நிமிடமும்

"நாப்பத்தோரு நிமிஷம்! அந்த ரூம்ல நாப்பத்தோரு நிமிஷம், என் ரூம்ல பன்னெண்டு. இது சமரசமா மேடம், இல்ல சம்பந்தம் பேசிட்டு வரீங்களா?"

சமரச மையத்தின் நடைவழியில் நின்று இப்படிக் கத்தியவர் எங்கள் தெருக் கடிகாரக்காரர். வேறு யாராவது சொல்லியிருந்தால் கோபத்துக்கென்று பத்து நிமிடம் கழித்துக்கொள்ளலாம். இவர் கணக்கில் வினாடிகூடப் பிசகாது.

"உள்ள போய் உட்காருங்க சார்," என்றார் சமரச அம்மா. இரண்டு தரப்பையும் பேசிச் சேர்த்துவைப்பதே அவருடைய உத்தியோகம். குரல் உயராத மனுஷி. அதனாலேயே அவர்மேல் எனக்கு ஒரு சந்தேகக் கண்.

"அவளுக்கு என்ன சொல்லிக் குடுத்தீங்க? அதைச் சொல்லுங்க, உட்காருறேன்."

எதிர் அறைக் கதவு படாரென்று திறந்தது. கழுத்தில் அளவு டேப்போடு அவருடைய தங்கை. தையல்காரி. "சொல்லிக் குடுக்க நான் என்ன கைக்குழந்தையா? கதவைப் பூட்டினது யாருண்ணா? முதல்ல அதுக்குப் பதில் சொல்லு!"

கதவு என்றால் மாடிப்படிக் கதவு. அப்பா விட்டுப்போன வீட்டில் கீழ்த்தளம் அண்ணனுக்கு, மாடி தங்கைக்கு. கீழே கடிகாரக் கடை, மேலே தையல் கடை. மாடிக்கு ஒரே படி, அதுவும் அண்ணன் கடைக்குள்ளே. மூன்று வருடத்துக்கு முன்னால் அவர் படியின் அடியில் ஒரு கதவு போட்டார். தினமும் சாயங்காலம் நாலு மணிக்குப் பூட்டிவிடுவார்; ராத்திரி தங்கை இறங்கும்போது மட்டும் திறப்பார். தங்கையின் வாடிக்கைக்காரர்களோ ஆபீஸ் விட்டு ஐந்தரைக்கு மேல் வருகிறவர்கள். வந்து, பூட்டைப் பார்த்து, வேறு கடைக்குப் போய்விடுவார்கள். ஆறு மெஷின் ஓடிய இடத்தில் இப்போது இரண்டு.

காரணம் கேட்டால், "என் கடை, என் கதவு." அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. மாடியைக் காலி பண்ணவைத்து டியூஷன் சென்டருக்கு வாடகைக்கு விடப் போகிறார் என்று தெருவே சந்தேகப்பட்டது. நானும் சந்தேகப்பட்டேன். அதாவது, தெருவுக்குச் சொன்னதே நான்தான்.

கோர்ட்டுக்குப் போனார்கள். நீதிபதி, "முதல்ல சமரச மையத்துல பேசிப் பாருங்க" என்று அனுப்பிவிட்டார். இன்று கடைசி அமர்வு. இன்றும் முடியாவிட்டால் திரும்பக் கோர்ட், அடுத்த வாய்தா எட்டு மாதம் கழித்து. அதுவரை தாங்காது, கடையை மூடிவிட வேண்டியதுதான் என்று தங்கை என்னிடம் அழுதிருந்தாள்.

அந்த இடத்து முறையே தனி. ஆளுக்கு ஓர் அறை. சமரச அம்மா மட்டும் இங்கும் அங்கும் போய்வருவார். ஓர் அறையில் கேட்டதை, சொன்னவர் சம்மதம் இல்லாமல் அடுத்த அறையில் வாய் திறக்கக் கூடாது. பக்கத்து வீடு என்பதால் தங்கைக்குத் துணையாகப் போன நான், இரண்டு கதவுக்கும் நடுவே இருந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். தற்செயலாகத்தான்.

அந்த நாற்பத்தோரு நிமிட ரகசியத்தையும் சொல்லிவிடுகிறேன். அதில் முதல் அரைமணி நேரம் தங்கை வாயே திறக்கவில்லை. ஒட்டுக்கேட்கும் கருவி ஏதாவது வைத்திருக்கிறார்களா என்று மேசைக்கு அடியில் தேடிக்கொண்டிருந்தாள்.

சமரச அம்மா மறுபடி அண்ணன் அறைக்குப் போனார். இப்போது தங்கை வாசலில் நின்று என் கைக்கடிகாரத்தை எட்டி எட்டிப் பார்த்தாள். "இருபத்தஞ்சு ஆச்சுக்கா. என்ன பேசுறாங்க?"

"காது என்ன நீண்டா கிடக்கு எனக்கு? அண்ணன் குசுகுசுன்னு பேசுறாரு."

வெளியே வந்த சமரச அம்மாவின் வலது கண்ணைச் சுற்றி வட்டமாக, சிவப்பாக ஒரு தடம். தங்கை அதைத்தான் முதலில் பார்த்தாள். அண்ணன் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் பூதக்கண்ணாடியின் தடம் அவளுக்குத் தெரியாதா?

"என்ன மேடம் கண்ணுல? அவன் எதையோ காட்டியிருக்கான்! என்ன காட்டினான்?"

"சொல்ல எனக்கு அனுமதி இல்லம்மா."

"பார்த்தீங்களாக்கா? கூட்டு! ரெண்டு பேரும் கூட்டு! நான் கிளம்புறேன், கோர்ட்லயே பார்த்துக்கறேன்!" என்று பையைத் தூக்கிவிட்டாள்.

சமரச அம்மா அவசரமாக அண்ணன் அறைக்குள் தலையை நீட்டினார். "சார், அந்த ஒரு விஷயத்தைச் சொல்லாம இது முடியாது. சொல்லட்டுமா?"

உள்ளே நாற்காலி இழுபடும் சத்தம். பிறகு அவர் குரல் கணீரென்று வந்தது: "நானே காட்டுறேன். ஆனா அந்தப் பக்கத்து வீட்டம்மாவை முதல்ல கீழ அனுப்புங்க."

வாழ்க்கையில் பல இடங்களிலிருந்து என்னை அனுப்பியிருக்கிறார்கள். இவ்வளவு மோசமான நேரத்தில் அனுப்பியதில்லை. கீழே டீக்கடையில் இரண்டு டீ குடித்தேன். இரண்டும் கசந்தன.

உள்ளே நடந்தது சாயங்காலம் ஆறு மணிக்குத் தெரிந்துவிட்டது. தங்கை சத்தியம் வாங்கிக்கொண்டு சொன்னாள்.

அண்ணன் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்தாராம். உள்ளே பின்மூடி கழற்றிய கடிகாரம். "மூணாவது தடவை நின்னுடுச்சு. பாரு." பூதக்கண்ணாடியை நீட்டினார்.

பார்த்தாள். பற்சக்கரத்தில் ஒரு இழை. "நீயே வெச்சிருப்ப," என்றாள் எடுத்த எடுப்பில். மறுபடி குனிந்தாள். நிமிரவில்லை.

"ஊதா," என்றாள். "வெல்வெட். அந்த நாடகக்காரங்களுக்கு வெட்டினது. அன்னைக்கு மாடி முழுக்கப் பறந்தது."

"உன் ஆளுங்க ஏறி இறங்கற ஒவ்வொரு தடவையும் இதெல்லாம் என் மேசைக்கு வருது. நாலு மணிக்கு மேலதான் நான் கடிகாரத்தைப் பிரிப்பேன், அதான் அப்பப் பூட்டுறேன். பகல்ல வந்து ஒட்டினதே இப்படி. என் கடையில பிரிச்சா பஞ்சு விழும்னு வெளிய தெரிஞ்சா எவன் எங்கிட்ட கடிகாரம் குடுப்பான்?"

"இதை மூணு வருஷம் முன்னாடி சொல்றதுக்கென்ன? வாயிலயும் பூட்டா?"

"உங்கிட்ட சொன்னா பக்கத்து வீட்டுக்குப் போகும். அங்க போனா அப்புறம் ஊர்ல மிச்சம் யாரு?"

தங்கை இதற்கு மறுப்புச் சொன்னதாகத் தெரியவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

அன்றைக்கே ஒப்பந்தம் எழுதியாயிற்று. கதவை எடுத்துவிட வேண்டும். அண்ணன் வேலை செய்யும் மேசையைச் சுற்றிக் கண்ணாடிக் கூண்டு. தங்கை துணி உதறுவதானால் மொட்டைமாடியில். காரணத்தை யாரும் வெளியே சொல்லக் கூடாது. அண்ணன் அதை இரண்டு தடவை படித்தார், இரண்டாவது தடவை பூதக்கண்ணாடியோடு. தங்கை, தனக்குத் தந்த பிரதியும் அவர் பிரதியும் ஒரே நீளமா என்று டேப் வைத்துப் பார்த்தபிறகே கையெழுத்துப் போட்டாள்.

கதவைக் கழற்றினார், தூக்கிப் போடவில்லை. கொல்லைச் சுவரில் சாய்த்து, மழை படாமல் மூடிவைத்தார். எதற்கும் இருக்கட்டும் என்றுதான். மாடியில் மறுபடி ஆறு மெஷின் சத்தம்.

இரண்டு வருடம் கழித்து அவர் மகளுக்குக் கல்யாணம். கல்யாண உடை அத்தை தைத்தது. ஊதா வேண்டாம் என்று அப்பா ஒரே பிடிவாதம். மகள் போன ஊருக்கே அவரும் போய்விட்டார். அதனால்தான் இதை இப்போது எழுதுகிறேன், அதுவரை மூச்சு விடவில்லை. கீழ்க்கடையைத் தங்கையிடமே விட்டுப் போனார். கண்ணாடிக் கூண்டுக்குத் திரை போட்டு, போட்டுப்பார்க்கும் அறையாக்கிவிட்டாள் அவள்.

சாமான் ஏற்றிய அன்று லாரியில் கட்டில், பீரோ எல்லாவற்றுக்கும் மேலே அந்தக் கதவும் போனது. புது வீட்டில் மாடியே இல்லையாம். பிறகு எதற்கு என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.