காதுப் பரீட்சை

அருணகிரிக்கு எழுத்து வாசனை கிடையாது. ஆனால் இங்கிலீஷ் தெரியும். நம்பமாட்டீர்கள், சேலத்தில் அந்த வெள்ளைக்காரத் தோல் கம்பெனியிலேயே யாரும் நம்பவில்லை. ஏழு வருஷமாகப் பின்பக்க வராந்தாவில் உட்கார்ந்து, சுவர் ஓட்டை வழியாக வந்த கயிற்றை இழுத்து, உள்ளே துரையின் தலைக்கு மேல் தொங்கிய பங்கா என்ற துணி விசிறியை ஆட்டியவன் அவன். கயிறு போன ஓட்டை வழியாகவே துரையின் பேச்சும் வெளியே வந்தது. ஏழு வருஷம் கேட்டால் கழுதைக்குக்கூட ஏதாவது ஏறியிருக்கும். இவனுக்கு எல்லாமே ஏறிவிட்டது. பேசச் சொன்னால் நாக்கு புரளாது. கேட்டால் ஒரு சொல் தப்பாது.

அந்த வருஷம் ஆபீசுக்குக் கரண்டு வந்தது, விசிறி மாட்டினார்கள். பங்காக்காரன் இனி எதற்கு? மாசக் கடைசியோடு நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார்கள். நின்றால் போக்கிடம் ஒன்றுதான், ராசிபுரம் பக்கத்துப் பண்ணை. அவன் அப்பன் அர்த்தநாரி ஆளாக இருந்து முதுகு கூனிப்போனது அங்கேதான். அப்பன் குடிசையும் பண்ணை நிலத்தில்தான் நின்றது. அருணகிரியின் மனைவி பெருமாயி கல்யாணமான புதிதில் ஒரு வருஷம் அங்கே சாணி அள்ளி, பண்ணைக்காரரின் வசவை எல்லாம் வாங்கியவள். மறுபடி அங்கே போவதென்றால் கிணற்றில் விழுந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டாள். சொன்னால் செய்கிறவள்.

சாமி கண் திறந்த மாதிரி ஒரு வழி வந்தது. துரைக்கு ஒரு டவாலிச் சேவகன் வேண்டுமாம். இங்கிலீஷில் சொன்னதை மொழிபெயர்ப்பு இல்லாமல் புரிந்துகொண்டு செய்ய வேண்டும். துரையே நேரில் பரீட்சை வைப்பார், ஏவுவார், செய்துகாட்ட வேண்டும். படிப்புக் கேட்கவில்லை, காதைத்தான் கேட்டார்கள்.

போட்டிக்கு இன்னொருவன் இருந்தான். ஹெட்கிளார்க் தண்டாயுதபாணியின் அக்கா மகன் சின்னுசாமி. பள்ளிக்கூடத்தில் மூன்றாம் பாரத்தில் மூன்று வருஷம் குப்பை கொட்டியவன். இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்தத் தண்டாயுதபாணி அந்தப் பண்ணைக்காரரின் சொந்தத் தம்பி.

அருணகிரி சளைக்கவில்லை. துரை வீட்டுச் சமையற்காரர் கலீல் ரஹ்மான் அவன் சிநேகிதர். துரை எப்போதும் வாயில் பைப்போடு பேசுகிறவர், பாதிப் பேச்சு புகையோடு போய்விடும். அதற்காக ரஹ்மான் அடுப்படியில் முருங்கைக்காய்த் துண்டைப் பல்லில் கடித்துக்கொண்டு இங்கிலீஷில் ஏவுவார். இவன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று கேட்பான். ஜன்னலைத் திற என்றால் திறப்பான், மைக்கூட்டை எடு என்றால் அதற்குப் பதிலாக வைத்த அஞ்சறைப்பெட்டியை எடுப்பான், உட்கார் என்றால் தரையில் உட்காருவான். பதினைந்து நாளில் ஒரு தப்புக்கூட இல்லை. “உனக்குத்தான்பா வேலை, போ” என்றார் ரஹ்மான். அடுப்படியில் நாற்காலி கிடையாது. அந்த யோசனை ரெண்டு பேருக்குமே வரவில்லை.

பரீட்சை அன்று துரை சொன்னதெல்லாம் பச்சைத் தண்ணீர் குடிக்கிற மாதிரி இருந்தது அருணகிரிக்கு. சிவப்பு ஃபைலை எடுத்தான், திரையை விலக்கினான், மணி என்ன ஆச்சு என்று பார்த்து விரல்களைக் காட்டினான். துரை சிரித்தார். பைப்பை எடுக்காமலே கடைசி ஏவலைச் சொன்னார்.

“அந்த நாற்காலியில் உட்கார்.”

புரிந்தது. அய்யோ, எவ்வளவு நன்றாகப் புரிந்தது! நாற்காலியும் கண்முன்னே இருந்தது. அதன் பக்கத்திலேயே தண்டாயுதபாணி கைகட்டி நின்றார். அவர் நிற்கிறார், இவன் உட்கார வேண்டும். பண்ணையில் அவர்கள் வீட்டுக் குழந்தை வந்தால்கூட அர்த்தநாரி எழுந்து துண்டை இடுப்பில் கட்டுவான். இவன் இன்று உட்கார்ந்தால் நாளைக்கு அப்பன் குடிசையில் கூரை இருக்காது. ஹெட்கிளார்க் அவனையே பார்த்தார். அருணகிரி நாற்காலி வரைக்கும் போனான். போய், அதன் காலடியில் தரையில் உட்கார்ந்தான்.

துரை மறுபடி சொன்னார். மூன்றாம் தரம் நாற்காலியைக் கையால் தட்டியே காட்டினார். அருணகிரியின் முழங்கால் நிமிரவே இல்லை.

சின்னுசாமிக்கு அரைவாசி புரியவில்லை. ஃபைல் கேட்டால் ஜன்னலைத் திறந்தான். ஆனால் துரை வாயைத் திறக்குமுன்பே நாற்காலியைக் கண்டு, மாமன் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தான். துரைக்கு ஒரே சந்தோஷம், வேலை அவனுக்கே என்றார். ஹெட்கிளார்க்கைப் பார்த்து இங்கிலீஷில் சொன்னார்:

“பாவம், அந்த முதல் ஆள். நாற்காலி என்ற சொல்கூடத் தெரியவில்லை. ஏழு வருஷம் சுவருக்குப் பின்னால் இருந்தும் ஒன்றும் ஏறவில்லை. மாட்டைப் போல.”

கதவோரம் நின்ற அருணகிரி அத்தனையும் கேட்டான். தண்டாயுதபாணி அவன் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்.

“உன்னைப் பத்தி நல்லபடியாத்தான் பேசறார். அப்புறம் சொல்லி அனுப்புவாராம். மரியாதை தெரிஞ்ச பையன்டா நீ.”

“சரிங்க சாமி” என்றான். அந்தச் ‘சாமி’யைச் சொன்ன வாயைக் கிழித்துக்கொள்ளலாம் போலிருந்தது அவனுக்கு.

வீட்டு வாசலிலேயே பெருமாயி நின்றிருந்தாள். முகத்தைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. இருந்தும் கேட்டாள்.

“ஏனுங்க, தொரை பேசுனது புரியலீங்களா?”

“எல்லாம் புரிஞ்சுது புள்ள” என்றான் அருணகிரி. “ஒரு சொல் உடாம புரிஞ்சுது.”

கிணற்றில் விழுந்துவிடுவேன் என்ற பெருமாயி உள்ளே போய், பண்ணைக்குப் போகச் சட்டி பானைகளை எடுத்துக் கோணிப்பையில் கட்ட ஆரம்பித்தாள்.