நாற்காலியின் மேல் போட்ட பழி

ஒலிப்புத்தகத்துக்காக நான் படித்துக்கொண்டிருந்த நாவலில் கதாநாயகியின் அப்பா இறந்துவிட்டார். 'அறையில் யாரும் பேசவில்லை' என்று படித்துவிட்டு, மைக்கின் முன்னால் ஒரு நீண்ட மௌனம் விட்டேன். அந்த மௌனத்தில் என் வயிறு இரங்கல் உரை ஆற்றியது.

சுருக்கமான உரை அல்ல. அடித்தொண்டையில் தொடங்கி, நடுவில் உருண்டு புரண்டு, கடைசியில் சபையைப் பார்த்துக் கேள்வி கேட்பதுபோல முடிந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த ஒலிப்பதிவுப் பெண் ஹெட்போனை லேசாகத் தூக்கினாள்.

"சார், என்ன சத்தம் அது?"

"நாற்காலிம்மா," என்றேன். வாய் முந்திக்கொண்டது. "கால் ஆடுது போல."

நல்ல பெண். உடனே வேறு நாற்காலி கொண்டுவந்து போட்டாள். அதே காட்சியை மறுபடி படித்துப் பிணத்தைக் கிடத்தினோம், புது நாற்காலியும் அழுதது. மேனேஜர் தன் சொந்த மெத்தை நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தார். அது இன்னும் சத்தமாக அழுதது.

"ஒண்ணு பண்ணுவோம் சார், நின்னுட்டே படிங்க," என்றாள் அவள்.

நின்றேன். அப்பா மறுபடி இறந்தார். வயிறு மறுபடி பேசியது. அறையில் பழி போட ஒரு ஸ்டூல்கூட இல்லை.

"இப்ப எந்த நாற்காலி சார்?"

காரணம் எனக்குத் தெரியும். நாற்காலிகள் நிரபராதிகள். குற்றம் முந்தின நாள் மாலை என் வீட்டுச் சமையலறையில் நடந்தது.

வெகுநாளாக என் குடல் கோபக்காரக் குடல். குழாய் விட்டுப் பார்த்த டாக்டர், "எல்லாம் நார்மல். பயப்பட ஒண்ணுமில்ல," என்று சொல்லி ஒரு டயட்டீஷியனிடம் அனுப்பினார். அந்த அம்மாள் வெங்காயம், பூண்டு, கோதுமை, பால், ஆப்பிள் எல்லாவற்றையும் சில வாரம் நிறுத்தினார். வயிறு அடங்கியது. "இனி ஒவ்வொண்ணா திரும்பச் சேர்க்கலாம். ஒண்ணு சாப்பிட்டு, சில நாள் பார்த்துட்டு, அப்புறம் அடுத்தது. உங்க உடம்புக்கு எது ஆகாதுன்னு அப்பதான் தெரியும்," என்றார்.

எனக்குப் பொறுமை ஏது? ஒவ்வொருவராகக் கூப்பிட்டு நேர்காணல் நடத்தச் சொன்னால், நான் எல்லோரையும் ஒரே அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினேன். வெங்காயமும் பூண்டும் வதக்கி, ரொட்டிக்கு நடுவில் வைத்து, மேலே ஒரு டம்ளர் பால். நன்றியுரைக்கு ஆப்பிள்.

என் மனைவி வாசலில் நின்று பார்த்தாள். "ஒண்ணொண்ணாதானே சாப்பிடச் சொன்னாங்க?"

"ஒண்ணொண்ணாதான் கடிக்கிறேன்."

"கடிங்க, கடிங்க. நாளைக்கு அது உங்களைக் கடிக்கும்."

ஸ்டூடியோவில் மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நாற்காலியை விட்டுவிட்டு வயிற்றைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"பாதிப் புத்தகம் முடிஞ்சிருக்கு சார். மீதியையும் நீங்களே முடிச்சுடுவேன்னு உறுதியாச் சொல்றீங்களா? இல்லன்னா வேற குரல் வச்சு முதல்லேருந்து எடுத்துடுறோம். சாயங்காலம் சொல்லுங்க."

என் குரலை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். பல கட்டடங்களில் லிஃப்ட்டுக்குள் 'கதவு மூடுகிறது' என்று சொல்வது நான்தான். இத்தனை வருடத்தில் நான் பேசிய நீளமான வசனம், 'அதிக எடை, தயவுசெய்து ஒருவர் இறங்கவும்.' இந்த நாவல்தான் எனக்கு முதன்முதலாகக் கிடைத்த முழுக் கதை. அதிலிருந்து இறக்கிவிடப்படும் அந்த ஒருவர் நானாகிவிடக் கூடாது.

நேரே டயட்டீஷியனிடம் போனேன். நான் நடத்திய விருந்தை விவரித்தபோது அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"எல்லாத்தையும் ஒரே வேளையிலயா?"

"நேரம் மிச்சம் பண்ணலாம்னு..."

"இதுல எது ஆகலைன்னு இப்ப எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"அதைத்தான் உங்ககிட்ட கேக்க வந்தேன்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை.

"மேடம், டாக்டரைக் கேட்டா பயப்பட ஒண்ணுமில்லங்கிறார். சொந்தக்காரங்களைக் கேட்டா எல்லாம் மனசுலதாங்கிறாங்க. நீங்க 'பாக்கலாம்'ங்கிறீங்க. நான் இன்னைக்கு ஒரு ஆளுக்கு வாக்குக் கொடுக்கணும். இல்லன்னா புத்தகம் போயிடும். இது சரியாகுமா, ஆகாதா?"

"ஒவ்வொருத்தர் உடம்பும்..."

"என் உடம்பைச் சொல்லுங்க."

அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு என்னை நேராகப் பார்த்தார்.

"ஆகாது," என்றார். "முழுசா ஆகாது. இந்தக் குடல் உங்க கூடவேதான் இருக்கும். மறுபடி எல்லாத்தையும் நிறுத்தி, நிதானமா ஒண்ணொண்ணா சேர்த்துப் பார்த்தா, நல்ல நாள் நிறைய கிடைக்கும். கெட்ட நாளும் வரும். எந்த நாள்னு என்னால சொல்ல முடியாது. அதனால இனிமே சத்தமே வராதுன்னு யார்கிட்டயும் சத்தியம் பண்ணாதீங்க. மோசமான நாள்ல வரமாட்டேன், மத்த நாள்ல வந்து முடிச்சுக் கொடுக்கிறேன்னு கேட்டுப் பாருங்க. அது உங்களால முடியும்."

வாசலுக்கு வந்ததும் மேனேஜருக்குப் போன் போட்டு, அதை அப்படியே கேட்டேன்.