துருவுக்குப் பயந்தவன்

என் தம்பி மணிவண்ணனைப் போலப் பிடிவாதக்காரன் மரக்காணம் உப்பளத்தில் வேறு யாரும் இல்லை. பாத்திகளுக்குத் தண்ணீர் இறைக்கும் எஞ்சினைப் பார்த்துக்கொள்வது அவன் வேலை. அங்கே போல்ட்டு, செயின், சைக்கிள் எதுவானாலும் உப்புக்காற்று தின்றுவிடும். அதனால் உலகத்தில் அவனுக்கு ஒரே எதிரி துருதான்.

அவன் மனைவி ஜான்சிக்கு இரண்டு பெண் பிள்ளைகள். இரண்டும் சிசேரியன். பிரஷர் வேறு. இன்னொன்று உண்டானால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். தம்பி பெண்டாட்டி என்று பேர்தானே தவிர, எனக்கு அவள் மகள்.

நர்ஸ் மலர்கொடி மொபெட்டில் உப்பளத்துக்கே வந்தாள். “பிரஷருக்குக் கருத்தட மாத்திர ஆகாது. கர்ப்பப்பைக்குள்ள காப்பர்-டி போட்டுக்கலாம். கொஞ்ச நேர வேலதான், காசும் கெடையாது” என்றாள். ஜான்சி உடனே தலையாட்டினாள். நம்ம ஆள் விட்டானா?

“செம்பாங்க அது? களிம்பு பூத்துடுங்க” என்று எஞ்சின் கொட்டகைக்கு ஓடி ஒரு பாட்டிலோடு வந்தான். உப்புத்தண்ணீரில் ஊறிய செம்புக் கம்பி, பச்சைப்பசேலென்று. “பாருங்க. இவ நாள்பூரா இந்தத் தண்ணிலதான் நிக்கிறா.”

“ஏம்பா, கணுக்கால் தண்ணி எப்படிப்பா அவ்ளோ மேல ஏறும்?” என்றேன்.

உப்புக்கூடையோடு நின்ற பெண்கள் சிரித்த சிரிப்பில் அவன் முகம் சுண்டிப்போனது. “தம்பி, ஒடம்பு ஒண்ணும் பாத்தி இல்லப்பா” என்று மலர்கொடி பொறுமையாகத்தான் சொன்னாள். அவன் மசியவில்லை. கூத்து என்னவென்றால், சிரித்த பெண்களே பாட்டிலை எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

எனக்கு வந்ததே கோபம். “டேய், வாய் கிழியப் பேசறியே, அவளுக்கு வேணாம்னா நீ போய் ஆபரேஷன் பண்ணிக்கடா!”

ஆம்பிளை அதைச் செய்துகொண்டால் மூட்டை தூக்க முடியாது என்பது எங்கள் பக்கத்துப் பேச்சு. அதனால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவனும் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

அடுத்த வாரம் ஒரு காலை ஜான்சி ஓடிவந்தாள். “அண்ணி, விடிஞ்சதிலேர்ந்து அவரக் காணோம். எஞ்சினும் போடல.” எனக்குப் பகீரென்றது. கோபித்துக்கொண்டு எங்கே போய்த் தொலைந்தானோ!

மத்தியானம் மலர்கொடியின் மொபெட் வந்தது. பின்னால் என் தம்பி, புதுப்பெண் மாதிரி ஒருபக்கமாகக் காலைப் போட்டு உட்கார்ந்திருந்தான்.

“பண்ணிக்கிட்டேன்க்கா, முகாம்ல. கத்தியில்ல, தையலில்ல. உள்ள எதனா இரும்பு வெக்கிறீங்களான்னு டாக்டர மறுபடி மறுபடி கேட்டேன். ‘ஒண்ணும் வெக்கலய்யா, வீட்டுக்குப் போ’ன்னு தொரத்திட்டாரு.”

“உடனே பலிக்காது. மூணு மாசம் ஆணுறை போடணும், அப்புறம் டெஸ்ட்டு. மறந்துடாத” என்று மலர்கொடி எல்லார் முன்னாலும் சொல்லிவைத்தாள்.

ஜான்சி அவன் தோளில் பட்டென்று ஒன்று வைத்தாள். “ஏன்யா சொல்லல? நானும் வந்திருப்பேன்ல?”

“ஆபரேஷன் ரூம் வாசல்ல ரெண்டு தடவ நின்னவன் நானு. அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். உன்ன அங்க நிக்க வெக்க மனசு வரல.”

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு எஞ்சினைப் போட நானே கிளம்பினேன். படு என்றால் படுத்தானா? “அக்கா, எண்ண போட்டுட்டு மூடி வையி, துருப்புடிச்சிடும்!” என்று பின்னாலிருந்து கத்தினான்.