படம் எப்படி இருந்துச்சு?

முத்துச்செல்விக்கு வீடியோவைக் கொண்டுவந்து காட்டியது பக்கத்து வீட்டு ஜெபமலர்தான். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. இலத்தூர்க்காரர் ஒருவர் யூடியூபில் வந்துவிட்டார் என்ற சந்தோஷம். மாவு படிந்த கையைக்கூடக் கழுவாமல் ஓடிவந்தாள்.

"அக்கா, அண்ணாச்சி பெரிய ஆளு ஆயிட்டாவ. இங்கன பாருங்க."

தென்காசியில் ஒரு தியேட்டர் வாசல். படம் விட்டு வருகிறவர்களை மடக்கி மைக்கை நீட்டி, "படம் எப்படி இருந்துச்சு?" என்று கேட்கிற சேனல் அது. படத்தின் பெயர் 'வழியில எறங்கிக்கிடுங்க'. லாரி ஓட்டத் தெரியாத நண்பர்கள் இருவர் ஒரு தண்ணீர் லாரியை எடுத்துக்கொண்டு செங்கோட்டையிலிருந்து கோவா வரை போகிற கதை.

"செம மொக்க, ப்ரோ. சேத்துல விழுதான், எந்திரிக்கான், திரும்ப விழுதான். அம்புட்டுதான் படம்" என்றான் ஒரு கல்லூரிப் பையன். "ஒரு கெட்ட வார்த்தை கெடையாது. பிள்ளையளோட வரலாம்" என்றாள் இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண். "கதை எனக்கு வெளங்கல. ஆனா சிரிச்சதுல பல்செட்டு கழண்டுட்டு" என்றார் ஒரு பெரியவர். அடுத்து மைக் திரும்பியபோது அங்கே நின்றது முத்துச்செல்வியின் கணவர் இசக்கிமணி. இரண்டு கையிலும் இரண்டு காபி கப்.

"சூப்பர் படம். ஆனா தனியா வந்து பாக்காதீய, ஒண்ணும் இருக்காது. கூட ஒரு ஆளு வேணும். பாலத்துல லாரியத் தள்ளுதானுவல்லா, அந்த இடத்துல நாங்க ரெண்டு பேரும் சீட்ட விட்டு எந்திரிச்சிட்டோம்!"

சொல்லிவிட்டுப் பக்கவாட்டில் யாரையோ பார்த்து அப்படி ஒரு சிரிப்பு சிரித்தார். அந்தப் பக்கம் இலைப்பச்சை நிறத்தில் ஒரு துப்பட்டா நுனி மட்டும் தெரிந்தது. மைக் வேறு ஆளிடம் போய்விட்டது.

"எப்பம் எடுத்தது இது?" என்றாள் முத்துச்செல்வி.

"சனிக்கிழமைன்னு போட்டிருக்கு, அக்கா." சொன்ன பிறகுதான் ஜெபமலருக்கு ஏதோ உறைத்தது. முகம் மாறிவிட்டது.

சனிக்கிழமை இசக்கிமணி வாசுதேவநல்லூருக்குப் போயிருந்தார். ஒரு தோட்டத்தில் போர் மோட்டார் எரிந்துவிட்டது, கழற்றி மாட்ட வேண்டும் என்று காலையிலேயே கிளம்பியவர். தென்காசி ரோட்டில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். வெளிவேலை வருவது வழக்கம்தான். அதனால் அவள் எதையும் கேட்டதில்லை.

ஜெபமலர் போன பிறகு தன் போனில் அதே வீடியோவைத் தேடி எடுத்துத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். வீட்டில் டிவியில் காமெடிப் படம் ஓடினால் பாதியில் தூங்கிவிடுகிற மனுஷன் இவர். கல்யாணமாகிப் பதினைந்து வருஷத்தில் இந்தச் சிரிப்பை அவள் பார்த்ததே இல்லை. துப்பட்டாவைவிட அதுதான் அவளை அறுத்தது.

நேராகக் கேட்டிருக்கலாம். பயமாக இருந்தது. 'ஆமாம்' என்று சொல்லிவிட்டால் அவள் எங்கே போவாள்? பிறந்த வீட்டுப் பேச்சே இல்லாமல் போய் நான்கு வருஷம் ஆகிறது. அப்பாவின் பதினாறாம் நாள் விசேஷத்தில் அண்ணன் தேவா, சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும், "மோட்டார் மெக்கானிக்குக்குப் பொண்ணக் குடுத்ததுதான் எங்கப்பா செஞ்ச ஒரே தப்பு" என்று சொன்னான். அவன் சப்-இன்ஸ்பெக்டர், சொன்னால் யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள். முத்துச்செல்வி இலையிலிருந்து எழுந்தாள், கணவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியேறினாள். அதற்குப் பிறகு அந்த வாசலை மிதிக்கவில்லை. போன ஐப்பசியில் அண்ணன் மகளுக்குச் சடங்கு நடந்தது. அத்தைக்காரிதான் முதலில் தண்ணீர் ஊற்ற வேண்டும். அதற்கும் போகவில்லை. அன்று முழுக்க வீட்டுக்குள்ளேயே கிடந்தாள். எல்லாம் இவருக்காக.

இரவுச் சாப்பாட்டின்போது மெல்லப் போட்டுப் பார்த்தாள்.

"வாசுதேவநல்லூரு மோட்டாரு ஓடுதா?"

"ஓடுது, ஓடுது. நல்ல தண்ணி."

"யாரு தோட்டம்?"

"அங்கன... தில்லைநாயகம்னு ஒருத்தரு. எலுமிச்சை போட்டிருக்காரு. ஏன்?"

"சும்மாதான் கேட்டேன்."

எலுமிச்சை வரைக்கும் சொல்கிறார். பொய்யை இத்தனை பக்குவமாகச் சொல்ல எப்போது பழகினார்? அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அவள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு ஜெபமலரைக் கூட்டிக்கொண்டு அதே படத்துக்குப் போனாள். எதற்கு என்று அவளுக்கே தெளிவாகத் தெரியவில்லை. அந்த இருட்டில் உட்கார்ந்து பார்த்தால் ஏதாவது பிடிபடும் என்று ஒரு நினைப்பு. திரையில் ஒருவன் லாரிக்கு அடியில் போய் மாட்டிக்கொண்டான். இன்னொருவன் காலைப் பிடித்து இழுக்க, வேட்டி மட்டும் கையோடு வந்தது. தியேட்டரே அதிர்ந்தது. ஜெபமலர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். முத்துச்செல்வி ஜோடி ஜோடியாக உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தாள். 'இந்த இடத்தில் இவர் சிரித்திருப்பார். அவள் தோளைத் தட்டியிருப்பாள்.' பாலத்துக் காட்சியும் வந்தது. ஒருவன் முன்னாலிருந்து தள்ளுகிறான், இன்னொருவன் பின்னாலிருந்து தள்ளுகிறான், லாரி அசையவே இல்லை. எல்லாரும் எழுந்து நின்று கத்தினார்கள். அவளுக்கு அழுகை வந்தது.

வெளியே வந்தால் வாசலில் அதே மைக்.

"அக்கா, படம் எப்படி இருந்துச்சு?"

"எனக்கு ஒண்ணும் சிரிப்பு வரல" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு நடந்தாள்.

சனிக்கிழமை வந்தது. "கடையத்துல ஒரு வேலை. வர சாயங்காலம் ஆவும்" என்றார் இசக்கிமணி. அவர் பைக்கில் பையை மாட்டும்போது அவள் எட்டிப் பார்த்தாள். ஸ்பேனர்களுக்கு மேலே ஒரு துண்டு, மாற்று லுங்கி, சின்ன பாட்டிலில் நல்லெண்ணெய். மோட்டார் பார்க்கப் போகிறவருக்கு நல்லெண்ணெய் எதற்கு? மேற்கே மலை முழுக்க மேகம் இறங்கிக் கிடந்தது. சீசன் நன்றாகப் பிடித்திருந்தது. குற்றாலத்துக்குத்தான் போகிறார், சந்தேகமே இல்லை.

பிள்ளைகளை ஜெபமலரிடம் விட்டுவிட்டுத் தென்காசிக்குப் பஸ் ஏறினாள். அங்கிருந்து ஆட்டோ. "எந்த அருவிம்மா?" என்று டிரைவர் கேட்டார். மெயின் அருவியில் கூட்டம் நெரிக்கும், பழைய குற்றாலம்தான் தோது என்று கணவர் எப்போதும் சொல்வார். பழைய குற்றாலம் என்றாள்.

இறங்கியதும் சாரல் முகத்தில் அடித்தது. ஸ்டாண்டில் நின்ற வண்டிகளுக்கிடையே அவருடைய பைக்கைக் கண்டுபிடித்தாள். அதுவரை மனதின் ஒரு மூலையில், தான் நினைத்தது தப்பாக இருக்கும் என்று ஒரு நம்பிக்கை இருந்தது. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு பஜ்ஜிக் கடைகளைத் தாண்டி மேலே ஏறினாள். முதலில் பெண்கள் குளிக்கிற பக்கம் போய் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். யாரைத் தேடுகிறோம் என்று தெரியாமல் தேடினாள். தனியாக நின்ற ஒருத்தி இவளைப் பார்த்துச் சிரித்தாள். இவளாக இருக்குமோ? அதற்குள் அந்தப் பெண்ணின் மாமியார் துண்டோடு வந்துவிட்டாள்.

அப்போதுதான் அந்தச் சிரிப்புச் சத்தம் கேட்டது. வீடியோவில் கேட்ட அதே சிரிப்பு.

ஒரு பாறை ஓரத்தில் இசக்கிமணி இடுப்பில் லுங்கியோடு நின்றார். அவருக்கு முன்னால் வெறும் உடம்பில் எண்ணெய் வழிய ஒரு ஆள், முதுகு காட்டிக்கொண்டு, பெரிய பாறையை லாரி மாதிரித் தள்ளிக்கொண்டிருந்தான். தள்ளுகிறான், கால் வழுக்குகிறது, பொத்தென்று உட்காருகிறான். எழுந்து மறுபடி தள்ளுகிறான். இசக்கிமணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "போதும் மச்சான், போதும், செத்துருவேன்" என்று கத்தினார்.

அந்த ஆள் திரும்பினான். அவளுடைய அண்ணன் தேவா.

முத்துச்செல்விக்கு ஒரு கணம் உயிர் திரும்பி வந்தது. பெண் இல்லை. எவளும் இல்லை. அந்தத் துப்பட்டா தியேட்டர் கூட்டத்தில் வேறு யாருடையதோ. சிரிக்கக்கூடத் தோன்றியது. ஆனால் சிரிப்பு வாய்க்கு வருவதற்குள் வேறொன்று வந்துவிட்டது.

அவள் அருகே போனதும் இருவரும் அப்படியே நின்றார்கள். தேவா துண்டை எடுத்துத் தோளில் போட்டான்.

"எம்புட்டு நாளா?" என்றாள்.

இசக்கிமணி ஓரடி முன்னால் வந்தார். "செல்வி, இரு, சொல்லுதேன்..."

"எம்புட்டு நாளான்னு கேட்டேன்."

தேவாதான் பதில் சொன்னான். "போன சீசன்ல இருந்து. எனக்கு இங்கன பந்தோபஸ்து போட்டிருந்தாவ. மாப்ள ஒரு லாட்ஜுல மோட்டாரு பாக்க வந்திருந்தாரு. மழை வந்து ஒரே கடையில ஒதுங்குனோம். நான் அன்னைக்குச் சொன்னது தப்புன்னு சொன்னேன். அவரு 'விடுங்க மச்சான்'னுட்டாரு. பெறவு பேச ஒண்ணும் இல்ல. பேசுனா பழசுதான் வரும். அதான் படத்துக்குப் போவோம்னு போனோம். தியேட்டர்ல உக்காந்தா ஒண்ணும் பேச வேண்டாம்லா, சிரிச்சாப் போதும்."

"போன சீசன்லயா?" அவள் மனதுக்குள் மாதங்கள் ஓடின. ஆனி, ஆடி. அதற்குப் பிறகுதான் ஐப்பசி. "அப்பம் நம்ம பிள்ளை சடங்குக்கு முன்னாலயே." கணவன் பக்கம் திரும்பினாள். "நீங்க அதுக்குப் போனீயளா?"

இசக்கிமணி அருவியைப் பார்த்தார்.

"போனீயளா?"

"பந்தியில மட்டும்... ஒரு ஓரமா..."

"அன்னைக்கும் வாசுதேவநல்லூருதானா? பந்தியில சாப்பிட்டுட்டு வந்து, நான் வச்ச ரசத்தையும் ஊத்தித் தின்னீயளே! நான் கண்ணு வீங்கி உக்காந்திருக்கேன். 'ஏட்டி, தலவலியா?'ன்னு கேட்டீயளே!"

"எனக்காவ நீ அம்புட்டு வைராக்கியமா இருக்கே. நானே போயி மச்சானோட சிரிச்சுப் பேசிட்டு வந்தேன்னு எந்த மூஞ்சியோட சொல்ல? இன்னைக்குச் சொல்லுவோம், நாளைக்குச் சொல்லுவோம்னு இருந்தேன். நாள் போவப் போவச் சொல்ல முடியாமப் போச்சு."

"நான் ஒங்களத் தப்பா நெனச்சு ஒரு வாரமாத் தூங்கல" என்றாள். "அதுவே தேவலன்னு இருக்கு இப்பம்."

திரும்பி இறங்கி ஒரு ஆட்டோவில் ஏறினாள். இருவரும் ஈர உடம்போடு ஒரே பைக்கில் ஏறி ஆட்டோவுக்குப் பின்னாலேயே வந்தார்கள். தென்காசி வரைக்கும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த வாரம் வீட்டில் பிள்ளைகளோடு மட்டும்தான் பேசினாள். சமைத்தாள், பரிமாறினாள், நகர்ந்துகொண்டாள். இசக்கிமணி கடையை நேரத்தோடு அடைத்துவிட்டு வந்து வீட்டுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தார். "இனிமே எங்கயும் போவல" என்று ஒருநாள் சொன்னார். அவள் தோசையைத் திருப்பிப் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை தேவா வந்தான். சீருடை இல்லை, பழப் பையும் இல்லை, வெறுங்கையோடு கேட்டுக்கு வெளியே நின்றான். உள்ளே வா என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. போ என்றும் சொல்லவில்லை.

"அண்ணே, அவருகிட்ட மன்னிப்பு கேட்டீய, சரி. எங்கிட்ட கேட்டீயளா?"

"ஒங்கிட்ட எதுக்குட்டி..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான். ஜெபமலர் துணி காயப்போடுகிற சாக்கில் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தேவா மாடியையும் பார்த்தான், தரையையும் பார்த்தான். ஸ்டேஷனில் எத்தனையோ பேரைக் கைகட்டி நிற்கவைத்தவன் அவன். "தப்புதான், தங்கச்சி. அப்பா காரியத்துல வச்சு ஒன் மனச நோகடிச்சதும் தப்பு, பெறவு ஒன்ன விட்டுட்டு நாங்க மட்டும் சேந்துக்கிட்டதும் தப்பு" என்றான். மனப்பாடம் செய்ததுபோலத்தான் வந்தது. ஆனால் சொல்லி முடித்தபோது அவனே கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

அவள் கேட்டைத் திறந்தாள்.

உள்ளே வந்து உட்கார்ந்ததும் தேவா தன் மகளுக்கு வீடியோ கால் போட்டு போனை நீட்டினான். பாவாடை தாவணி வயதுக்கு வளர்ந்துவிட்ட பெண் ஒருத்தி திரையில் வந்து, "அத்தே, சடங்குக்கு நீங்க வரலன்னு நான் அழுதேன், தெரியுமா?" என்றாள். முத்துச்செல்வி போனை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெகுநேரம் கழித்துத்தான் வெளியே வந்தாள்.

மறு வாரம் அண்ணன் வீட்டுக்குப் போய், மருமகளுக்கு ஒரு பட்டுப்பாவாடை வைத்துக் கொடுத்து, தலையில் எண்ணெய் வைத்துத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தாள். காலம் தப்பிய சடங்குதான். யாரும் அதைச் சொல்லிக் காட்டவில்லை.

இசக்கிமணியோடும் பேச்சு வந்துவிட்டது. ஆனால் முன்பு மாதிரி இல்லை. போன வியாழக்கிழமை சுரண்டைப் பக்கம் ஒரு வேலை என்று கிளம்பினார். போய்ச் சேர்ந்ததும், அவள் கேட்காமலேயே, மோட்டார் பக்கத்தில் தான் நிற்கிற போட்டோ ஒன்றை அனுப்பி வைத்தார். முகத்தில் கிரீஸ், கையில் ஸ்பேனர், பின்னால் தென்னை.

அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போன் போட்டாள்.

"போட்டோல நீங்க நிக்கீய. அப்பம் எடுத்தது யாரு?"

"தோட்டக்காரருதான்டி" என்றார் அவர்.

"சரி" என்றாள். பாதி நம்பினாள்.