அவர் வாயால்

அத்தானை ஆஸ்பத்திரி வராந்தாவில் பார்த்ததும் வாலுவுக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆள் பாதியாகிப் போயிருந்தார். சட்டையின் ஒரு கையை மடித்து விட்டிருந்தார், மறு கை மடிக்காமல் தொங்கியது. ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர். தன் டிரைவிங் ஸ்கூல் வாசலில் இடுப்பில் கை வைத்து நின்றால் தெருவே ஒதுங்கிப் போகும். அவர்தான் இப்போது பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, திறக்கிற ஒவ்வொரு கதவையும் மிரள மிரளப் பார்த்துக்கொண்டிருந்தார். யாருக்கோ என்னவோ ஆகியிருக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது. அவருக்கு நன்றாக வேண்டும் என்று நினைத்தாள். யாருக்கு ஆனது என்று தெரியாமலேயே நினைத்தாள்.

வாலு என்பது அக்கா வைத்த பெயர். அக்கா போகிற இடமெல்லாம் பின்னாலேயே போனதால் வந்தது. தலை நரைத்து, கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிற வேலையில் மூத்த ஆளாகிவிட்ட பிறகும் உறவில் எல்லோருக்கும் அவள் வாலுதான். அக்கா மட்டும் இல்லை.

அக்காவுக்கு வந்தது லட்சத்தில் ஒருவருக்குக்கூட வராத நோய். கிருமி வந்தால் எதிர்க்க வேண்டிய உடம்பின் காவல்படை, கிருமி போன பிறகும் அடங்காமல் சொந்த ரத்தக்குழாயையே தாக்கத் தொடங்கிவிடும். மயிரிழைக் குழாய்களில் ரத்தம் கட்டிக்கொள்ளும், அந்த இடுக்கில் நுழைகிற சிவப்பணுக்கள் கிழிந்துபோகும், சிறுநீரகம் அடைத்து நின்றுவிடும். ஒரு சாதாரணக் காய்ச்சலில்தான் ஆரம்பித்தது. அப்போது அக்காவின் மகள் சுவரைப் பிடித்து நடக்கிற குழந்தை.

அந்தக் காவல்படையைக் கட்டிப்போடுகிற மருந்து ஒன்றை அந்தச் சமயத்தில்தான் நோயாளிகளுக்குக் கொடுத்துச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். குணமாகும் என்று உறுதி சொல்ல முடியாது, ஆனால் வேறு வழியும் இல்லை என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். அக்கா வலிப்பு வந்து நினைவு தப்பிக் கிடந்தாள். கணவர் கையெழுத்துப் போட வேண்டும். அத்தான் போடவில்லை. டிரைவிங் ஸ்கூலைத் தொடங்க அலைந்துகொண்டிருந்த நேரம் அவருக்கு, ஆஸ்பத்திரி சலித்துப் போயிருந்தது. "பிழைச்சாலும் மிஷின்லதானே கிடக்கப் போறா, எதுக்கு இழுத்தடிக்கணும்?" என்று அவர் டாக்டரிடம் கேட்டது, கதவுக்கு இந்தப் பக்கம் நின்ற வாலுவின் காதில் தெளிவாக விழுந்தது. அவள் அவர் காலில் விழுந்தாள். அவர் காலை உருவிக்கொண்டு போய் வண்டிக்கு ஏற்பாடு செய்தார். வீட்டுக்குக் கொண்டுபோன அந்த வாரமே அக்கா போய்ச் சேர்ந்தாள்.

அதோடு விட்டிருந்தால்கூட வாலு காலப்போக்கில் ஆறியிருப்பாளோ என்னவோ. எழவு வீட்டிலேயே அவர் கதையை மாற்றினார். ஆஸ்பத்திரிக்காரர்கள் ஏதோ சோதனை மருந்தைக் குத்திக் கொன்றுவிட்டார்கள், கொழுந்தியாள்தான் பிடிவாதம் பிடித்துக் குத்த வைத்தாள் என்றார். கேட்டவர்கள் நம்பினார்கள். குழந்தையும் அதைக் கேட்டே வளர்ந்தது. தெருவில் எதிர்ப்பட்டால் வாலுவைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்ளப் பழகியது. பள்ளிக்கூட வாசலில் ஒருமுறை வாலு கையைப் பிடித்தபோது, "எங்கம்மாவைக் கொன்னவங்கதானே நீங்க?" என்று சாதாரணமாகக் கேட்டுவிட்டு ரிப்பனைச் சரிசெய்துகொண்டு போனது.

பிற்பாடு அதே நோய் வாலுவுக்கும் வந்தது. கூடப்பிறந்த ரத்தம் அல்லவா. அதற்குள் காலம் மாறி, பழைய மருந்துக்குத் தம்பி போல ஒன்று வந்திருந்தது. மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டியதில்லை, வயிற்றுத் தோலில் ஊசி போட்டால் போதும். அதைச் சோதிக்க ஆள் எடுத்தார்கள். மருந்து காவல்படையைக் கட்டிப்போடுவதால் மூளைக்காய்ச்சல் எளிதில் தொற்றிக்கொள்ளும், அதனால் தடுப்பூசி போட்டுத்தான் தொடங்குவோம் என்று எச்சரித்தார்கள். வாலு எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். சிறுநீரகம் முழுசாக நிற்பதற்கு முன் மருந்து உள்ளே போய்விட்டது, பிழைத்துக்கொண்டாள். மூத்தவளின் மகளுக்கும் இது வரலாம், ரத்தம் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது என்று சிறுநீரக டாக்டர் அம்மா சொன்னபோது, பழசை விழுங்கிக்கொண்டு, தனக்கு வந்ததைச் சொல்லாமல், உறவுக்காரர் மூலம் அதை மட்டும் சொல்லியனுப்பினாள். ஆத்தாக்காரியைச் சோதனை எலியாக்கியது போதும், என் மகளை விட்டுவிடு என்று பதில் வந்தது. அன்றிலிருந்து, கடையில் லென்ஸின் ஓரத்தைத் தேய்க்கும்போதெல்லாம் அத்தானைத்தான் தேய்ப்பாள்.

இப்போது அவரே எழுந்து வந்தார். அவள் கையில் ரத்தம் எடுத்த இடத்தில் ஒட்டியிருந்த பஞ்சைப் பார்த்தார். அவள் ஏன் இங்கே இருக்கிறாள் என்பது அவருக்கு மெதுவாக உறைத்தது.

"உனக்குமா?" என்றார்.

"எனக்கும்தான். உயிரோட இருக்கேன், பாருங்க."

நாற்காலியில் மறுபடி உட்கார்ந்துகொண்டு அவர் சொன்னார். மகளுக்கு வயிற்றுப்போக்கு, காய்ச்சல் என்று வந்து, சிறுநீர் நின்றுபோய், கண்ணெல்லாம் வீங்கிவிட்டது. அதே நோய்தான் என்று டாக்டர் அம்மா சொல்லிவிட்டார். ரத்த நீரை மாற்றுகிற மெஷினில் போட்டும் பிடி கொடுக்கவில்லை. சோதனை மருந்துக்கு இடம் இருக்கிறது, தடுப்பூசியும் போட்டாயிற்று, அவள் சம்மதிக்க மாட்டேன் என்கிறாள். அம்மாவைக் கொன்ற மருந்து தனக்கு வேண்டாமாம். தானே கையெழுத்துப் போடுகிறேன் என்று கெஞ்சிப் பார்த்திருக்கிறார். வயது வந்தவள், நல்ல நினைவோடு வேண்டாம் என்று சொல்கிறாள், அதற்கு மேல் யார் கையெழுத்தும் செல்லாது என்று டாக்டர் அம்மா முடித்துவிட்டார்.

மகளுக்கு என்று கேட்டதும் வாலுவுக்கு அக்காவின் முகம் ஒரு கணம் வந்து போனது. அதற்குப் பின்னாலேயே, இத்தனை வருஷம் காத்திருந்த இன்னொன்று முண்டியடித்துக்கொண்டு வந்துவிட்டது. தான் கட்டிய பொய்யில் தானே மாட்டிக்கொண்டு நிற்கிறார் மனுஷர்.

"நீ போய் நின்னாலே போதும். உன்னைப் பாத்தா நம்புவா. பழசு எதையும் பேச வேணாம்" என்றார்.

"நான் எதுக்கு? நீங்க சொல்லுங்க. என்ன நடந்துச்சோ அதைச் சொல்லுங்க. நான் பக்கத்துல நிக்கறேன்."

அவர் சுற்றும் முற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "தப்புதான். உங்கிட்ட ஒத்துக்கறேன். போதுமா?"

"எங்கிட்ட எதுக்கு ஒத்துக்கறீங்க? எனக்குத்தான் தெரியுமே."

அவர் குனிந்து அவள் காலைத் தொட்டார். துப்புரவுப் பெண் துடைப்பத்தோடு நின்று பார்த்தாள். வாலு காலை உருவிக்கொள்ளவில்லை. அவர் கை அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவைத்தாள், அவரே வெட்கப்பட்டு எடுக்கும்வரை. பிறகு கேண்டீனுக்குப் போய் ஒரு டீ வாங்கி, ஆறுகிறவரை ஆற்றிக் குடித்தாள். இவ்வளவு ருசியான டீயை அவள் குடித்து நாளாயிற்று.

திரும்பி வந்து, பொம்பளை வார்டு கதவுக்கு எதிரே ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். அத்தான் இரண்டு மூன்று தடவை உள்ளே போனார். ஒவ்வொரு தடவையும் உண்மையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொல்லிப் பார்த்திருப்பார் போல, தோற்ற முகத்தோடே வெளியே வந்தார். அவருடைய இரண்டாவது மனைவி வெந்நீர்க் குடுவையும் கையுமாக வருவதும் போவதுமாக இருந்தாள். அவள் பெற்ற பெண் இல்லைதான், அழுது அழுது அவள் மூக்குச் சிவந்திருந்தது. அந்த மூக்கைப் பார்த்தபோது மட்டும் வாலுவுக்கு உட்கார முள்ளாக இருந்தது. எழுந்து பத்தடி நடந்தால் கட்டில். அவளுக்கு அது தெரியும். ஊசித் தழும்பு இருக்கிற வயிற்றைக் காட்டினால் ஒருவேளை போதும் என்பதும் தெரியும். என்னைப் போய் நம்புவாளா, கொலைகாரி என்று நினைத்து வளர்ந்தவள் ஆயிற்றே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பாதி நிஜம்தான் அது. மீதிப் பாதி, அவர் இன்னும் வேகவில்லை என்பது.

பிற்பகலில் வார்டுக்குள் ஓட்டமும் கூச்சலுமாக ஆனது. நர்ஸ் ஒருத்தி கதவை முட்டித் தள்ளிக்கொண்டு ஓடினாள். வலிப்பு என்று யாரோ சொன்னார்கள். வாலு எழுந்தே விட்டாள். அக்காவுக்கும் இப்படித்தான், இந்தக் கட்டத்தில்தான் எல்லாம் கை மீறிப் போனது. கதவில் கையை வைத்தாள், தள்ளவும் செய்தாள். கதவு உள்ளேயிருந்து திறந்துகொண்டது. அத்தான் நின்றார்.

"வா," என்றார். "சொல்லிடறேன்."

மருந்து கொடுத்து வலிப்பை நிறுத்தியிருந்தார்கள். பெண் கண் விழித்திருந்தாள். டாக்டர் அம்மா ஊர், கிழமை, பிறந்த வருஷம் என்று கேள்வி கேட்டு, தெளிவாகத்தான் இருக்கிறாள் என்று உறுதிப்படுத்திக்கொண்டு கட்டிலின் மறுபக்கம் நின்றார். வாலுவைப் பார்த்ததும் பெண் தலையணையில் முகத்தைத் திருப்பினாள். அக்காவின் காது, அப்படியே.

அத்தான் தொண்டையைச் செருமினார். உங்கம்மாவுக்கு அந்த மருந்தைக் கொடுக்கவே இல்லை என்றார். அப்போது சூழ்நிலை அப்படி, யாருக்கும் ஒன்றும் தெரியாத காலம், பெரியவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள் என்று வழியெல்லாம் மண்ணைத் தூவிக்கொண்டே போனார். வாலு குறுக்கிட்டாள்.

"பெரியவங்க யாரும் இல்ல. டாக்டர்கிட்ட நீங்க என்ன சொன்னீங்க? அதைச் சொல்லுங்க."

அவர் மனைவியைப் பார்த்தார். டாக்டரைப் பார்த்தார். யாரும் உதவவில்லை.

"பிழைச்சாலும் மிஷின்லதானே கிடக்கப் போறா..." என்று ஆரம்பித்து நிறுத்தினார்.

"மிச்சம்?"

"எதுக்கு இழுத்தடிக்கணும்னு சொன்னேன்." அவர் குரல் உடைந்தது. "கையெழுத்துப் போடாம வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டேன். உன் சித்தி என் காலைப் பிடிச்சு அழுதா. அவமேல பழியைப் போட்டதும் நான்தான்."

இரண்டாவது மனைவி வெந்நீர்க் குடுவையை மேசையில் வைத்தாள். அவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தவள், கட்டிலைச் சுற்றிப் போய் டாக்டர் அம்மாவின் பக்கம் நின்றுகொண்டாள். வாலு அதையும் பார்த்தாள். இப்படி ஒரு நாளைக் கற்பனை செய்து எத்தனையோ முறை தூக்கம் கெட்டிருக்கிறாள், நடந்தது கற்பனையைவிட நன்றாகவே இருந்தது. அவர் அழுதபோது அவளுக்கு இரக்கம் வரவில்லை. வரும் என்று அவள் எதிர்பார்க்கவும் இல்லை.

பெண் அப்பாவை நெடுநேரம் பார்த்தாள். வெளியே போகச் சொல்லி அவரிடம் சொல்லவில்லை, டாக்டர் அம்மாவிடம் சொன்னாள். "இவரைப் போகச் சொல்லுங்க." அவர் போனதும் வாலுவைப் பார்த்து, இந்த மருந்தா போடுகிறார்கள் உங்களுக்கு என்று கேட்டாள். வாலு மேலாடையை விலக்கி வயிற்றைக் காட்டினாள். பெண் கையெழுத்துப் போட்டாள்.

மருந்து வேலை செய்தது. அணுக்கள் கிழிவது முதலில் நின்றது, பிறகு ரத்தம் ஊறத் தொடங்கியது. சிறுநீரகம்தான் முரண்டு பிடித்தது. கொஞ்ச காலம் டயாலிசிஸில் இருந்து மீண்டபோது அது பழைய பலத்தில் பாதிகூட இல்லை. இன்னும் முன்னால் தொடங்கியிருந்தால் என்று வாலு டாக்டர் அம்மாவிடம் கேட்டாள். ஒருவேளை இன்னும் கொஞ்சம் மிஞ்சியிருக்கலாம், நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றார் அவர். வாலு தலையாட்டிவிட்டு வந்தாள்.

பெண் அப்பா வீட்டுக்குத் திரும்பவில்லை. சிநேகிதியோடு ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டாள். அவருடைய போனை எடுப்பதில்லை. அவர் பரிசோதனை நாட்களில் காரைக் கொண்டுவந்து ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே நிறுத்திக் காத்திருப்பார். அவள் அந்தக் காரைக் கடந்து போய் பஸ் ஏறுவாள். வாலு ஆஸ்பத்திரி மாடி ஜன்னலில் நின்று அதை ஒரு தடவை விடாமல் பார்த்தாள். அவர் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்க்கிறவரை நின்று பார்த்தாள்.

ஒரு பரிசோதனை நாளில் இருவருக்கும் அடுத்தடுத்து முறை வந்தது. பெண் வந்து, நடுவில் ஒரு நாற்காலியை விட்டு உட்கார்ந்தாள். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அன்னிக்கு நீங்க காலையிலேயே வந்துட்டீங்களாமே சித்தி. நர்ஸ் சொன்னாங்க."

சித்தி என்று அவள் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. வாலு ஆமாம் என்றாள்.

"அப்பவே உள்ள வந்து சொல்லியிருக்கலாம்ல?"

என்னைப் பார்த்தாலே முகத்தைத் திருப்புவாயே, நீ எங்கே நம்பப் போகிறாய் என்கிற பதில் வாலுவின் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அக்காவின் காதைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை.

"சொல்லியிருக்கலாம். அவர் வாயால வரணும்னு இருந்துச்சு எனக்கு. அதுக்காகத்தான் உக்காந்திருந்தேன்."

"நான் செத்திருந்தா?"

"கதவுல கை வெச்சுட்டேன். அதுக்குள்ள அவர் வந்துட்டார்." சொல்லிவிட்டு வாலு, இது நியாயமே இல்லை என்று தனக்கே பட்டதால் நிறுத்திக்கொண்டாள்.

பெண் தன் ஊசி போட்ட இடத்தைச் சட்டைக்கு மேலாகத் தடவிக்கொண்டாள். "அவரை நான் மன்னிக்கவே போறதில்ல. அது முடிஞ்சுபோச்சு. உங்களை என்ன பண்றதுன்னுதான் இன்னும் தெரியல."

"மெதுவா யோசி" என்றாள் வாலு. "நான் எங்கயும் போகல."

நர்ஸ் கதவைத் திறந்து அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். பெண் எழுந்து போனாள். போகும்போது திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் கைப்பையைத் தான் உட்கார்ந்திருந்த நாற்காலியிலேயே விட்டுப் போயிருந்தாள். வாலு அதைத் தொடவில்லை, யாரும் எடுத்துவிடாமல் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.