நஸ்ரினுக்கு ஏழு வயதானது

மாம்பழம் மலிந்து கிடந்த ஒரு மே மாதத்தில், ஐம்பத்திரண்டு வயதான நஸ்ரினுக்கு ஏழு வயதாகிவிட்டது. காபூலிலிருந்து மகள் பானுவோடு தப்பி வந்து, ஹைதராபாத்தின் லாலாகுடாவில் ரயில்வே பணிமனைக்குப் பின்னால் ஓர் அறையில் நெடுங்காலம் குடியிருந்தவள் அவள். அகதிகளின் காகித விசா இனிச் செல்லாது, எல்லோரும் போனில் வரும் டிஜிட்டல் விசாவுக்கு மாற வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. அதே தெருவில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்து ஐ.டி. கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்த ஷர்மிளா, சனிக்கிழமைகளில் சமுதாயக்கூடத்தில் லேப்டாப்போடு உட்கார்ந்து அவர்களுக்கு மாற்றிக் கொடுத்தாள். அலுவலகம் அலுவலகமாக மடித்து எடுத்துப் போனதில், நஸ்ரினின் காகிதம் பிறந்த வருடத்தின் மேலேயே கிழிந்திருந்தது. ஸ்கேனர் தனக்குத் தோன்றிய ஒரு வருடத்தைப் போட்டுக்கொண்டது. விசா வந்த மறுநாள் காலையில் பானு எழுப்பப் போனபோது, அம்மாவின் உடுப்புக்குள் முன்பல் இல்லாத ஒரு சிறுமி படுத்திருந்தாள். கண் விழித்ததும், பால் பொங்குகிறது, போய் அடுப்பை அணை என்று பானுவை அதட்டினாள்.

உடம்புதான் குறைந்தது, நினைவு குறையவில்லை. மூட்டுவலி போனதில் நஸ்ரினுக்குச் சந்தோஷம்தான். சின்னப்பிள்ளைதானே என்று அழுகல் வெங்காயத்தைத் தள்ளிவிடப் பார்த்த கடைக்காரர் ஒரே நாளில் திருந்தினார். பானு மட்டும் அம்மாவுக்குத் தலை பின்னும்போதெல்லாம் அழுதாள்.

ஷர்மிளா திருத்தம் கேட்டு விண்ணப்பித்தாள். பழைய கட்டைவிரல் ரேகை பொருந்தினால்தான் திருத்த முடியும் என்றது கம்ப்யூட்டர். இப்போதைய விரல் பட்டாணி அளவு இருந்தது. நேரில் போனார்கள். விசாவிலும் ஏழு, ஆளும் ஏழு, இதில் பிழை எங்கே என்று குமாஸ்தா நியாயமாகவே கேட்டார். கூடவே, பெற்றோர் பெயரில்லாமல் ஒரு குழந்தை இருப்பதைக் கவனித்து மேலிடத்துக்கு எழுதிவிட்டார்.

மழை தொடங்கியபோது குழந்தைகள் நல அதிகாரி கோவிந்தராஜன் ஜீப்பில் வந்தார். வேலூர்க்காரர், நல்ல மனிதர். சாக்லேட் வாங்கி வந்திருந்தார். துணையில்லாத குழந்தையைக் காப்பகத்துக்குக் கூட்டிப்போகத் தனக்கு உத்தரவு என்று வருத்தப்பட்டார். பானு சிறுமியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இது என் அம்மா, இருக்கிற ஒரே ஆள், விடமாட்டேன் என்றாள்.

“நான் நம்புறேம்மா,” என்று அவர் ஷர்மிளாவிடம் தமிழில் சொன்னார். “ஆனா கார்டியன் எடத்துல மகள்னு போட வழியில்ல. அப்பா, இல்லன்னா அம்மா.”

ஷர்மிளா அதை இந்தியில் சொன்னாள். நஸ்ரின் சாக்லேட்டைத் தின்று முடித்து, விரலைத் துடைத்துக்கொண்டு, பானுவை அம்மா என்று போடச் சொன்னாள்.

“நக்கோ அக்கா, போடாதீங்க,” என்ற பானு சிறுமியின் பக்கம் திரும்பினாள். “அப்ப எனக்கு அம்மா யாரு?”

“நான்தான். அத எதுலயும் எழுத வேணாம்.”

ஷர்மிளா டைப் செய்தாள். கோவிந்தராஜன் டீ குடித்துவிட்டுப் போனார்.

ஜூலையில் நஸ்ரினைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். சின்ன வயதிலேயே கல்யாணம் ஆகிப்போன அவளுக்கு முதல் தடவை அது வாய்க்கவில்லை. தெலுங்கு எழுதக் கற்றாள், கபடியில் முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள். மூன்றாம் வகுப்பில் இருந்தபோது, குஷாய்குடாவில் ஏ.சி. ரிப்பேர் செய்யும் ஓர் ஆப்கன் இளைஞன் பானுவைப் பெண் கேட்டு வந்தான். நஸ்ரின் யூனிபார்மோடு தலையணைகளின் மேல் உட்கார்ந்து, குடிப்பழக்கம் உண்டா, கோபம் வந்தால் கை ஓங்குவானா என்று விசாரித்த பிறகே சம்மதித்தாள். அடுத்த வருடம் பேத்தி பிறந்தாள். விசாக்களின்படி அவள் நஸ்ரினின் தங்கை. திருத்தம் கேட்க யாரும் போகவில்லை.

நஸ்ரின் இப்போது எட்டாம் வகுப்பு. போன மாதம் பெற்றோர் கூட்டத்தில், பெண் நன்றாகத்தான் படிக்கிறாள், ஆனால் எல்லோரையும் அதிகாரம் செய்கிறாள் என்று டீச்சர் குறைப்பட்டார். அவள் எப்போதுமே அப்படித்தான், சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன் என்றாள் பானு.